டோக்கன் தராதவள்

டௌகவ்பில்ஸ் நாடக அரங்கில்
குளிர்கால மேலங்கிகளை வாங்கி மாட்டுகிறவள்
என் மனைவி வெல்டா.
நானூற்றுப் பன்னிரண்டு கொக்கிகள்.
பித்தளை டோக்கன்கள் ஒரு தகரப் பெட்டியில்
களிம்பேறிக் கிடக்கின்றன.
இருபத்தாறு வருடத்தில்
ஒன்றைக்கூட அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

திரை விழுந்ததும் நெருக்கியடித்து வருவார்கள்.
முகத்தை ஒரு முறை பார்ப்பாள்,
போவாள், எடுத்து வருவாள்.
நழுவிய கையுறையை
அதனதன் பையில் செருகியிருப்பாள்.

ரீகாவிலிருந்து டாக்டர் எக்லீட்டிஸ் வந்தார்,
மூக்கடைப்போடு நூறு எண்களை வாசித்தார்.
அவள் திருப்பிச் சொன்னாள்,
பிறகு கடைசியிலிருந்து முதலுக்கு,
பிறகு அவர் தும்மிய இரண்டு இடங்களையும் சேர்த்து.
எப்படி என்று கேட்டார்.
"ஏழு, ஈரக் கம்பளி.
நான்கு, உள்துணி கிழிந்த தோல்.
மூன்றுக்குப் பொத்தானே கிடையாது.
மாட்டினேன், எடுத்தேன், அவ்வளவுதான்."
டாக்டர் எழுதிக்கொண்டார்.
போகும்போது குடையை மறந்துவிட்டுப் போனார்.

அந்தக் குடையை அவள் வெகுநேரம் பார்த்திருந்தாள்.
"எப்படி முடிகிறது இவர்களால்?
விட்டுப்போகும்போது
உள்ளே ஏதாவது சத்தம் கேட்குமா?"
நான் டிராம் ஓட்டுகிறவன்.
நிறுத்தத்தைத் தவறவிட்டவர்கள்
போடும் சத்தம்தான் எனக்குத் தெரியும்.

அவளோடு வாழ்வது எப்படி என்பார்கள்.
சாவியைத் தேடியதே இல்லை நான்.
ஆனால் தொண்ணூற்று நான்கில் ஒரு செவ்வாய்க்கிழமை
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே
நான் சொன்ன ஒரு சொல் இருக்கிறது.
என்னிடம் அது மழுங்கி,
சொன்னேனா என்றே சந்தேகமாகிவிட்டது.
அவளிடம், அப்போதுதான் தோல் சீவிய ஈரத்தோடு.
மறுவாரம் நான் கேட்ட மன்னிப்பும்
அதே ஈரத்தோடு, பக்கத்துக் கொக்கியில்.
காலம் ஆற்றும் என்பார்கள்.
அவளுக்குள் எதுவும் ஆறுவதில்லை,
எல்லாவற்றையும் கொதிக்கக் கொதிக்கவே சாப்பிடுகிறாள்.

இருநூற்று ஏழாம் கொக்கியில்
ஒரு சாம்பல் நிற மேலங்கி தங்கிவிட்டது.
இடைவேளையில் ஒருவர் எழுந்து போயிருந்தார்,
மைனஸ் பதினெட்டில், வெறும் சட்டையோடு.
பதினேழு வருடம் அதற்கு அந்துருண்டை மாற்றினாள்.
நடுச்சாமத்தில் எழுப்பினாலும் அந்த முகத்தைச் சொல்வாள்:
இடது புருவத்தில் அம்மைத் தழும்பு,
தாடையில் சவரத்துக்குத் தப்பிய ஐந்து மயிர்.

போன மார்ச்சில் ஒரு முதியவர் வந்தார்.
வீட்டுக்கு அழைத்துப்போக நானும் அங்கே நின்றிருந்தேன்.
"இங்கே ஒரு மேலங்கி..."
வெல்டா பார்த்தாள்.
"அது நீங்கள் இல்லை" என்றாள்,
கொஞ்சம் கோபத்தோடு.
அவளிடமிருந்த முகம் அவ்வளவு துல்லியம்;
அதில் ஒரு சுருக்கம் நுழைய இடமில்லை.
நானோ அந்த முகத்தை அவள் சொல்லிக் கேட்டவன்,
கேட்டதிலும் பாதியை மறந்தவன்.
அந்த மறந்த பாதி வழியாக
அவர் சுலபமாக உள்ளே வந்துவிட்டார்.

"போட்டுத்தான் பார்க்கட்டுமே" என்றேன்.
இடது தோளை ஒரு குலுக்குக் குலுக்கி
அவர் அங்கிக்குள் நுழைந்தார்.
வெல்டா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.
"இந்தக் குலுக்கல்," என்றாள்,
"இதற்கு மட்டும் வயதாகவில்லை."

பையிலிருந்து ஒரு டிராம் சீட்டை எடுத்தார்,
துளை போடாதது.
யாருடையதோ என்பதுபோல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு
மறுபடி உள்ளே வைத்தார்.
"அன்றைக்கு ஏன் எழுந்து போனீர்கள்?"
"நினைவில்லையே அம்மா," என்று சிரித்தார்.
குடையைப் பார்த்தது போலவே
அவரையும் பார்த்தாள்.

வீடு திரும்பும்போது சொன்னாள்,
"இருநூற்று ஏழு காலி."
பாலம் தாண்டியபின் மறுபடியும்,
"இருநூற்று ஏழு காலி."
ஒரே விஷயத்தை அவள் இரண்டு முறை சொல்லி
அன்றுதான் கேட்கிறேன்.